எறும்பு ஊர்ந்தால் கல் எத்தனை நாளில் தேயும்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று சொல்லாத தமிழாசிரியர் கிடையாது. நான் இயற்பியல் நடத்தியவன். எனக்கு அந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் வேறு கேள்விதான் வரும். எத்தனை எறும்பு? எத்தனை வருஷம்? கருங்கல்லா, சுண்ணாம்புக்கல்லா? தேயும் என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரியும். அம்மி வழவழத்துப் போனதும் "அம்மி கொத்தலையோ அம்மி" என்று தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டுக் கொத்த வைத்தவர்கள் அவர்கள். எப்போது தேயும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்ல 160 வருஷத்துக்கு மேலாகப் பலர் முயன்றிருக்கிறார்கள். அந்த முயற்சியின் வரலாறுதான் இன்றைக்கு.

எழுதத் தூண்டியது என் பழைய மாணவன் ஒருவன். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கையாளும் பிரிவில் இருக்கிறான். எந்த நிலையம் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரு கன்வேயர் பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்கு நிலக்கரி இறங்கும் சரிவான இரும்புப் பெட்டியை அவர்கள் சூட் என்பார்கள். அதன் உள்பக்கம் தேயாமல் இருக்க லைனர் பிளேட் என்று கெட்டித் தகடு போல்ட் போட்டு வைப்பார்கள். 14 மாதம் வரும் என்று நம்பிப் போட்ட தகடு 7 மாதத்தில் ஓட்டை. புதுத் தகடு ஆர்டர் கொடுத்து வந்து சேர நாலு மாதம். ஓட்டை வழியாகக் கரி கொட்டுகிறது, தூசி பறக்கிறது, கரித்தூசி என்றால் தீ பயம் வேறு. நடுராத்திரி பெல்ட்டை நிறுத்தி, ஆட்கள் அந்தப் பெட்டிக்குள் இறங்கி ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணுகிறார்கள். "சார், இதைக் கணக்குப் போட ஃபார்முலாவே இல்லையா?" என்றான்.

இருக்கிறது. வந்த வழியைச் சொல்கிறேன்.

முதல் பெயர் தியோடர் ரையே. ஜெர்மானியர். வடிவியல் படித்தவர்களுக்கு வேறு விஷயத்தில் தெரிந்த பெயர். பிற்பாடு ஸ்ட்ராஸ்பர்கில் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1860-இல், 22 வயதில், சுழலும் அச்சு தாங்கியில் உராய்வதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேய்ந்துபோகும் பொருளின் அளவு, உராய்வு செய்த வேலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்றார். அவ்வளவுதான். இரண்டு மடங்கு அழுத்தினால் இரண்டு மடங்கு தேயும், இரண்டு மடங்கு தூரம் தேய்த்தாலும் அப்படியே. இத்தாலியில் இதைப் பொறியியல் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலம் பேசும் உலகம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

அவர்கள் கணக்குப் போடாமல் பொருளை மாற்றிப் பார்த்தார்கள். 1882-இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற இளைஞர், 24 வயதுகூட நிரம்பாதவர், எஃகில் மாங்கனீசை 12, 13 சதவீதம் அளவுக்குச் சேர்த்தார். காந்தம் ஒட்டாத விசித்திரமான எஃகு கிடைத்தது. அடி வாங்க வாங்க அதன் மேல்தோல் இறுகும். கல் உடைக்கும் கிரஷர் தாடைக்கும் ரயில் தண்டவாளம் குறுக்கே வெட்டும் இடத்துக்கும் இன்றுவரை அதுதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். அடி விழுந்தால்தான் இறுகும். மணல் வெறுமனே வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில் போட்டால் அந்தக் குணம் வெளியே வராது, விலை கொடுத்ததுதான் மிச்சம். "நல்ல எஃகு" என்று பொதுவாக ஒன்று கிடையாது என்பதற்கு இதைத்தான் வகுப்பில் உதாரணம் சொல்வேன்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி அடுத்தது. தாமஸ் ஆல்வா எடிசனை விளக்கோடும் ஃபோனோகிராஃபோடும் நிறுத்திவிடுகிறோம். 1890-களில் அவர் தன் நேரத்தையும் பணத்தையும் கொட்டியது இரும்புத் தாதில். நியூஜெர்சியில் ஆக்டன்ஸ்பர்க் என்ற இடத்தில் தரம் குறைந்த பாறையை வெட்டி, நொறுக்கி, பொடியிலிருந்து காந்தத்தால் இரும்புத் தாதைப் பிரிப்பது திட்டம். ஒரு டன் தாதுக்காகப் பல டன் பாறையை நகர்த்த வேண்டும். அதைச் சுமந்தவை கன்வேயர் பெல்ட்டுகள். அன்றைய பெல்ட் என்பது அடுக்கடுக்கான பருத்திக் கித்தான், மேலே பேருக்குக் கொஞ்சம் ரப்பர். கூரான தாது அதைக் கிழித்துத் தின்றது.

1891-இல் அங்கே தாமஸ் ராபின்ஸ் என்ற இளைஞர் வந்தார். தேய்ந்துபோன பெல்ட்டுகளைக் குனிந்து பார்த்தார். பலமானது என்று நம்பி அடுக்கிய கித்தான் அரிக்கப்பட்டிருந்தது. மேலே பூச்சாக இருந்த மெல்லிய ரப்பர் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்திருந்தது. அதிலிருந்து அவருடைய யோசனை: பளுவை இழுக்கக் கித்தான், தேய்வதற்கு ரப்பர்; சரக்கு விழும் நடுப்பகுதியில் ரப்பர் தடிமனாக இருக்கட்டும். இன்றைக்குத் துறைமுகத்திலும் சிமெண்ட் ஆலையிலும் ஓடும் பெல்ட்டின் அடிப்படை இதுதான். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய கன்வேயருக்குப் பெரும்பரிசு கிடைத்தது. எடிசனின் சுரங்கம் பிழைக்கவில்லை. மெசாபி மலைத்தொடரில் உயர்தரத் தாது மலிவாகக் கிடைத்ததும் மூடவேண்டியதாயிற்று. மனுஷர் அசராமல் சிமெண்ட் பக்கம் போய்விட்டார்.

அதே 1900 பாரிஸ் கண்காட்சியில் ஸ்வீடன் நாட்டு பிரினெல் தன் கடினத்தன்மைச் சோதனையைக் காட்டினார். இரும்புக் குண்டை உலோகத்தில் அழுத்தி, விழுந்த குழியை அளப்பது. தேய்மானக் கணக்குக்குத் தேவையான இரண்டு விஷயங்கள், ஒன்று தேயும் பெல்ட், இன்னொன்று கடினத்தை எண்ணாகச் சொல்லும் வழி, ஒரே ஊரில் ஒரே கோடையில் இருந்திருக்கின்றன. இரண்டையும் சேர்க்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

சேர்த்தவர் ஜாக் ஆர்ச்சர்ட். இங்கிலாந்தில் ஆல்டர்மாஸ்டனில் ஒரு மின்சாதன நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தார். அவருக்கு முன் 1946-இல் ராக்னர் ஹோம், மின் இணைப்புகள் தேய்வதைப் பற்றிய தன் புத்தகத்தில் ஏறக்குறைய இதே சமன்பாட்டைத் தொட்டிருந்தார். 1953-இல் ஆர்ச்சர்ட் எழுதியது ஒரே வரி. தேய்ந்த கன அளவு என்பது சுமை பெருக்கல் நகர்ந்த தூரம், வகுத்தல் கடினத்தன்மை; அதை ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். மாறிலிக்கு 'கே' என்று பெயர். ரையே சொன்னதோடு கடினத்தன்மை சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

அந்த 'கே' என்ன? இரண்டு பரப்பு உரசும்போது மேடுகள் மேடுகளைத் தொடுகின்றன. ஒவ்வொரு தொடலிலும் ஒரு துகள் பெயர்ந்து வருவதில்லை. எத்தனை தொடலுக்கு ஒரு துகள் பெயர்கிறது என்பதைத்தான் 'கே' சொல்கிறது என்று புரிந்துகொள்ளலாம். எண்ணெய் போட்ட நல்ல எந்திரத்தில் அது கோடியில் ஒன்று அளவுக்குக் கூட இறங்கும். மணல் இடையில் மாட்டினால் ஆயிரத்தில் ஒன்று வரை ஏறும்.

இப்போது பழைய வழக்கப்படி ஒரு கணக்கு. பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் மேல் 30 செ.மீ. உயரத்துக்கு நிலக்கரி வழுக்குகிறது. கன மீட்டருக்கு 850 கிலோ என்று வைத்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 2500 நியூட்டன் அழுத்தம். வேகம் விநாடிக்கு 3 மீட்டர். தகடு 400 பிரினெல். அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கோடி நியூட்டன் கடினம். 'கே' ஆயிரத்தில் ஒன்று. பெருக்கி வகுத்தால் ஒரு மணி நேரத்தில் 0.00675 மி.மீ. தேயும். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 0.135 மி.மீ. 20 மி.மீ. தகடு 148 நாளில் காலி. ஐந்து மாதம்.

சரி, 'கே' ஆயிரத்தில் ஒன்று இல்லை, பத்தாயிரத்தில் ஒன்று என்று வையுங்கள். அதே தகடு நாலு வருஷம் வரும்!

இதுதான் விஷயம். சுமையை அளக்கலாம், வேகத்தை அளக்கலாம், கடினத்தைப் பிரினெல் குண்டு சொல்லிவிடும். பிழைப்பு முழுக்க அந்த ஒற்றை எழுத்தில் தொங்குகிறது. ஈரம், துகளின் கூர்மை, அளவு, கரியோடு வரும் கல், எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி அதற்குள் போட்டுவிட்டோம். ஆர்ச்சர்ட்டும் ஹர்ஸ்ட்டும் சேர்ந்து 1956-இல் பல உலோக ஜோடிகளை உரசிப் பார்த்தபோதே 'கே' எத்தனை மடங்கு மாறுகிறது என்பது தெரிந்துபோயிற்று.

அதே 1950-களில் சோவியத் யூனியனில் குருஷ்சோவ் (அரசியல் தலைவர் அல்ல, இவர் உலோக ஆய்வாளர்) வேறு பக்கத்திலிருந்து வந்தார். பல உலோகங்களை உப்புத்தாளில் தேய்த்து, தூய உலோகங்களுக்குக் கடினம் கூடக் கூடத் தேய்மான எதிர்ப்பும் நேர்கோட்டில் கூடுகிறது என்று காட்டினார். ஆனால் சூடேற்றி, நனைத்துக் கடினமாக்கிய எஃகுக்கு அந்தக் கோடு அவ்வளவு செங்குத்தாக ஏறவில்லை. கடினத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் ஆயுள் இரண்டு மடங்கு ஆகிவிடாது. தகடு விற்கிறவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

இன்னொன்றும் தெளிவாயிற்று. தேய்க்கிற துகள், தேய்கிற பரப்பைவிடக் கொஞ்சமாவது கடினமாக இருந்தால்தான் உழும், சுமார் 1.2 மடங்கு என்பார்கள். அதற்குக் கீழே வந்தால் தேய்மானம் சட்டென்று விழும். நிலக்கரி மெத்தென்ற பொருள், மோஸ் அளவில் 2, 2.5 தான். நகத்தால்கூடக் கீறலாம். அது எஃகை என்ன செய்யும்? தேய்ப்பது கரி இல்லை, அதோடு வரும் குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7. விக்கர்ஸ் அளவில் 1000-க்கு மேல். சாதாரண இரும்புக்கு 150, கெட்டித் தகட்டுக்கு 400, 500. குவார்ட்ஸுக்கு இரண்டும் வெண்ணெய். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் 30, 40 சதவீதம் போகும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தச் சாம்பலாகப் போகிற கல்லும் மண்ணும்தான் என் மாணவனின் தகட்டைத் தின்றது. கரியின் இந்தக் குணத்தை அளக்க 1951-இலேயே அமெரிக்காவில் யான்சி, கீர், பிரைஸ் மூவரும் ஒரு சோதனை வைத்தார்கள். நாலு இரும்பு அலகை நிலக்கரிக்குள் 12,000 சுற்று சுற்றவிட்டு, அலகு எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பது. மாவாட்டி மாவைப் பார்க்காமல் கல்லைப் பார்ப்பது மாதிரி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக வந்தது என்ற கதையை நம் பிள்ளைகள் பாடத்திலேயே படித்திருக்கிறார்கள். 1956-இல் நிறுவனம் பதிவானது, 1957 மே 20-இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது, 1962-இல் மின்சாரம். இடையில் பட்ட பாடுகளில் எல்லோரும் சொல்வது தண்ணீர். கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று. இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் மூழ்காது.

குறைவாகப் பேசப்படுவது மேல்மண். கரிக்கு மேலே பல பத்து மீட்டர் கனத்துக்குக் கடலூர் மணற்கல். அதை அகற்ற ஜெர்மனியிலிருந்து வாளிச் சக்கர இயந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம், விளிம்பெல்லாம் வாளி, வாளிக்கெல்லாம் பல். 700 லிட்டர், 1400 லிட்டர் என்று வாளியின் கொள்ளளவால்தான் அங்கே இயந்திரத்துக்கே பெயர். அந்த இயந்திரம் வளர்ந்தது ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில், மென்மையான மணலிலும் களிமண்ணிலும். நெய்வேலியில் சந்தித்தது குவார்ட்ஸ் நிறைந்த, இறுகிய மணற்கல். வாளிப் பற்கள் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகத் தேய்ந்தன. பல்லை மாற்ற சக்கரத்தை நிறுத்த வேண்டும். சக்கரம் நின்றால் பின்னால் உள்ள பெல்ட், கொட்டும் இயந்திரம், எல்லாம் வரிசையாக நிற்கும். சென்னை மாநிலம் மின்சாரத்துக்குக் காத்திருந்த காலம் அது.

பற்களை வலுப்படுத்தினார்கள், வடிவத்தை மாற்றினார்கள். அதோடு நிற்காமல் பாறைக்கே துளை போட்டு முன்கூட்டி வெடி வைத்துத் தளர்த்தி, பிறகு சக்கரத்தை விட்டார்கள். ஆர்ச்சர்ட் சமன்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கீழே இருக்கும் கடினத்தைக் கூட்டுவது ஒரு வழி. மேலே இருக்கும் சுமையைக் குறைப்பது இன்னொரு வழி. தளர்ந்த பாறையைக் கிள்ளப் பல்லுக்கு அவ்வளவு விசை தேவையில்லை. ரைன் நதிக்கரையில் கிடைத்த 'கே' வேறு, கடலூர் மாவட்டத்து 'கே' வேறு என்று நம்மவர்கள் பற்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. உராய்வு, தேய்மானம், உயவு மூன்றையும் ஒழுங்காகக் கவனித்தால் நாட்டுக்கு வருஷம் 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்றது. பிறகுதான் அரசாங்கங்கள் திரும்பிப் பார்த்தன. தேய்த்தல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து டிரைபாலஜி என்று இந்தத் துறைக்குப் பெயரும் அந்த அறிக்கையில்தான் வந்தது. தமிழில் நமக்குத் தேய்மானம் என்ற சொல் முன்பே கணக்குப்பிள்ளை நோட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். இரும்புக்கு அந்த நோட்டு தெரியாது என்பதுதான் தொல்லை.

கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-இல் இயன் ஃபின்னி, கலிபோர்னியாவில், துகள்கள் பறந்து வந்து மோதும்போது எஃகு போன்ற இளகும் உலோகம் சுமார் 20 டிகிரி சாய்வில்தான் மிக அதிகமாக அரிபடுகிறது என்று காட்டினார். கத்தி சீவுவதும் அப்படித்தானே. கண்ணாடி, பீங்கான் மாதிரி உடையும் பொருளுக்கு நேர்மாறு. நேராக விழும் அடியில்தான் அதிகச் சேதம். அதனால் கரி வழுக்கும் இடத்தில் பீங்கான் ஓடு ஒட்டினால் நன்றாக உழைக்கும், நேராகக் கொட்டும் இடத்தில் ஒட்டினால் உடையும். ரப்பர் நேர் அடியைத் தாங்கும், சாய்ந்த சீவலைத் தாங்காது. ஒரே பெட்டிக்குள் ஒரு முழத்துக்கு ஒரு பொருள் வேண்டியிருக்கும்.

பெட்டியின் வடிவத்தையே பார்க்கவேண்டும் என்ற நிலைக்கு இது கொண்டுவந்து விட்டது. தானியமும் கரியும் எப்படி இறங்குகின்றன என்பதை யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிக்கே 1964-இல் ஒரு நூலாகவே வகுத்துக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆலன் ராபர்ட்ஸ் சூட்டின் வளைவைக் கணக்கில் எடுத்தார். வளைவில் திரும்பும் சரக்கு தகட்டை அழுத்தும். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வருமே, பத்தாம் வகுப்பில் கயிற்றில் கல் கட்டிச் சுற்றிக் காட்டினேனே, அதேதான். ஆகவே வளைவை நிதானமாக்கி, சரக்கு இறங்கும் வேகத்தை கீழே ஓடும் பெல்ட்டின் வேகத்துக்குப் பொருத்தினால், தகடும் பெல்ட்டும் இரண்டும் பிழைக்கும்.

1979-இல் கண்டால், ஸ்ட்ராக் இருவரும் மண் இயக்கவியலுக்காக ஒரு கணினி முறை எழுதினார்கள். ஒவ்வொரு துகளையும் தனித்தனி உருண்டையாக வைத்து, எது எதை எவ்வளவு விசையோடு தொடுகிறது என்று கணத்துக்குக் கணம் கணக்கிடுவது. இன்றைக்கு சூட் வடிவமைப்பவர்கள் அதைத்தான் ஓட்டுகிறார்கள். திரையில் கரி கொட்டும், தகட்டில் அதிகம் தேயும் இடம் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு எந்தச் சூத்திரத்தால் வருகிறது என்றால், பெரும்பாலும் ஆர்ச்சர்ட் அல்லது ஃபின்னி. எங்கே தேயும் என்பதைக் கணினி நன்றாகவே சொல்கிறது. எத்தனை நாளில் என்பதற்கு இன்னமும் 'கே' வேண்டும்.

அதற்கென்று ஆய்வகத்தில் ரப்பர் சக்கரச் சோதனை உண்டு. தகட்டுத் துண்டை 130 நியூட்டன் விசையில் ரப்பர் விளிம்புள்ள சக்கரத்தோடு அழுத்தி, நடுவே மணலைக் கொட்டி 6000 சுற்று விடுவார்கள். எத்தனை கன மி.மீ. போயிற்று என்பதுதான் மதிப்பெண். அந்த மணல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஆட்டவாவில் கிடைக்கும் உருண்டைக் குவார்ட்ஸ். எந்தத் தகடு முதல் ரேங்க், எது இரண்டாவது என்று சொல்ல அது போதும். நம் கரியில் நம் தகடு எத்தனை மாதம் என்று சொல்ல அது போதாது.

என் மாணவனிடம் நான் கேட்டது ஒன்றுதான். "மாதக் கணக்கை விடு. ஓட்டை விழுவதற்குள் எத்தனை டன் போயிருக்கிறது?" பார்த்தான். முன்பு போட்ட தகட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்த 7 மாதத்தில் நிலையம் நிற்காமல் ஓடியிருக்கிறது, சாம்பல் கூடின கரி வந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு ஷட்டவுனிலும் தகட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு, கேளா ஒலிக் கருவியால் ஒவ்வொரு கட்டத்திலும் கனம் அளந்து, பக்கத்தில் டன் கணக்கை எழுதி வைக்கிறான். சராசரியை அல்ல, மிக மெல்லிய கட்டத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறான். ஒரு இடத்தில் பள்ளம் விழுந்தால் கரி அந்தப் பள்ளத்தையே தேடி ஓடும் என்பது அவன் அளந்து எனக்குச் சொன்னது.

அரிசி ஆலை வைத்திருக்கும் உறவுகள் நம்மில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, குவார்ட்ஸின் உறவுக்காரன். உங்கள் எலிவேட்டர் தகடும் ஷெல்லரின் ரப்பர் ரோலும் எவ்வளவுக்கு ஒரு தடவை மாறுகின்றன என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். நாள் கணக்கு வேண்டாம், மூட்டைக் கணக்கு.